அட்டைப் படகுப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டைப்பெட்டி அட்டையை மடித்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, ஆள் உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு படகு கட்ட வேண்டும். அதைக் குளத்திலோ ஏரியிலோ நீச்சல் குளத்திலோ இறக்கி, துடுப்புப் போட்டு எல்லைக்கோட்டைத் தொட வேண்டும். போட்டி அவ்வளவுதான். பெயர் கொடுத்த கையோடு எல்லோரும் கேட்கிற கேள்விகள் இங்கே இருக்கின்றன. யாரும் கேட்காமல் விட்டுவிட்டுப் போட்டியன்று தவிக்கிற சில கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன்.

அட்டையில் செய்த படகு உண்மையிலேயே ஆளைத் தாங்குமா?

தாங்கும். இரும்புக் கப்பலே மிதக்கும்போது அட்டைக்கு என்ன? ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்த கணக்குதான்: படகு எவ்வளவு எடைத் தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத் தண்ணீர் தூக்கிப் பிடிக்கும். மிதக்க வைப்பதில் பெரிய சிரமம் இல்லை. அட்டை ஊறிப்போவதற்குள் கரை சேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. காகித நார்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தண்ணீர் தளர்த்திவிடும். அட்டைக்கு நடுவே அலை அலையாக இருக்கும் நெளித்தாளை ஒட்டியிருப்பது பெரும்பாலும் மாவுப்பசை, அதுவும் நனைந்தால் விட்டுப்போகும். ஆனால் பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அரை மணி நேரம் தாங்கினால் போதும், வருஷக் கணக்கில் ஓடப்போவதில்லை.

எவ்வளவு பெரிய படகு வேண்டும்?

இதைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள், கணக்குப் போடுங்கள். நன்னீர் 1 லிட்டர் 1 கிலோ. இரண்டு பேர், ஆளுக்கு 65 கிலோ, படகு 15 கிலோ என்றால் மொத்தம் 145 கிலோ. படகின் அடி 2.4 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1.8 சதுர மீட்டர். அப்படியானால் படகு ஒவ்வொரு செ.மீ. இறங்கும்போதும் 18 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதாவது 18 கிலோவைத் தாங்கும். 145-ஐ 18-ஆல் வகுத்தால் 8 செ.மீ. சொச்சம். அவ்வளவுதான் படகு தண்ணீரில் இறங்கும்.

இது செவ்வகப் பெட்டிக்கான கணக்கு. முன்பக்கத்தைக் கூராக்கினால் பரப்பு குறையும், படகு இன்னும் கொஞ்சம் இறங்கும். 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பத்திரம். அதற்கு மேல் 25 செ.மீ.யாவது பக்கச்சுவர் தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் துடுப்பு தெளிக்கும் தண்ணீரே உள்ளே நிறைந்துவிடும். ஆக, சுவர் 35 முதல் 40 செ.மீ. அதற்கு மேல் உயர்த்தினால் உட்கார்ந்தபடி துடுப்பு எட்டாது, கை சுவரில் இடிக்கும்.

கவிழாமல் இருக்க என்ன வழி?

அகலம், தாழ்வு. இந்த இரண்டும்தான்.

அகலத்தின் மதிப்பு பலருக்கும் புரிவதில்லை. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, அகலத்தை மட்டும் 60 செ.மீ.யிலிருந்து 75 செ.மீ. ஆக்கினால், படகின் வடிவம் கவிழ்வதை எதிர்க்கிற பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அகலம் கூடுவது 1.25 மடங்குதான், ஆனால் பலன் 1.25 × 1.25 × 1.25 என்று ஏறும். வெறும் 15 செ.மீ. அட்டைக்கு இதைவிட நல்ல ஆதாயம் வேறு கிடைக்காது. அதற்காக ஒரு மீட்டர் அகலம் வைத்தால் துடுப்பைத் தண்ணீருக்குக் கொண்டுபோகவே ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும். 70 முதல் 80 செ.மீ. வசதியான அளவு.

தாழ்வு என்றால் ஆட்கள் உட்காரும் உயரம். படகின் அடியில் காலை நீட்டியோ மடக்கியோ உட்காருங்கள். உள்ளே அழகாக இருக்கை கட்டி அதில் அமர்கிற அணிகளைப் பார்த்தாலே எனக்குப் பக்கென்று இருக்கும். எடை மேலே ஏற ஏறப் படகு ஆட்டம் காணும். எழுந்து நிற்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, உள்ளே புகுந்த தண்ணீர். நம் 2.4 மீட்டர் படகில் 1 செ.மீ. தண்ணீர் தேங்கினால் அதுவே 18 கிலோ. அதுவும் ஓரிடத்தில் நிற்காது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய் மேலும் சாய்க்கும்.

எந்த அட்டை நல்லது?

குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின், சைக்கிள், மரச்சாமான் வருகிற பெரிய பெட்டிகள். இரண்டு அடுக்கு நெளி உள்ள அட்டையாகக் கிடைத்தால் அடிப்பகுதிக்கு அதையே வையுங்கள். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தெரியும்: ஒரு வரிசை அலை இருந்தால் ஒற்றை, இரண்டு வரிசை இருந்தால் இரட்டை.

ஏற்கெனவே மடங்கி நசுங்கிய தடம் உள்ள அட்டை வேண்டாம். படகு மடங்கும்போது சரியாக அந்தத் தடத்தில்தான் மடங்கும். பளபளப்பாக அச்சடித்த பக்கத்தில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, அதை உள்பக்கம் திருப்பிவிடுங்கள். மெழுகு பூசிய பழப்பெட்டியைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அதில் பசையும் ஒட்டாது, டேப்பும் ஒட்டாது.

அட்டையின் நெளி எந்தத் திசையில் ஓட வேண்டும்?

படகின் நீளவாக்கில். நெளியட்டை என்பது இரண்டு தாள்களுக்கு நடுவே வரிசையாக அடுக்கிய சின்னச் சின்னக் குழாய்கள் மாதிரி. குழாயின் திசையிலேயே மடித்தால் சுலபமாக மடங்கும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். குழாய்கள் நீளவாக்கில் ஓடினால் படகு நடுவில் மடங்காது, பக்கச்சுவரை மேலே மடிப்பதும் சுலபம். அடிப்பகுதிக்கு இரண்டாவது அட்டையை ஒட்டும்போது அதன் நெளியைக் குறுக்குவாக்கில் வையுங்கள். இரண்டு திசையிலும் பலம் கிடைக்கும்.

தண்ணீர் எங்கிருந்துதான் உள்ளே வருகிறது? சுற்றிலும் பெயின்ட் அடித்தோமே!

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அட்டையின் முகம் வழியாகத் தண்ணீர் நுழைய நேரமாகும். சுமாராகப் பெயின்ட் அடித்த முகம்கூட ஒரு பந்தயத்தைத் தாங்கிவிடும். ஆபத்து வெட்டிய விளிம்பில் இருக்கிறது. அங்கே நெளிக்குழாய்களின் வாய் திறந்து கிடக்கிறது. வாய் நனைந்தால் தண்ணீர் குழாய் வழியே உள்ளே ஓடும், சுற்றியுள்ள காகிதமும் அதை உறிஞ்சி இழுக்கும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் அட்டை பொதபொதவென்று உள்ளே போகும். படகு ஒழுகவே இல்லை, ஆனாலும் அடி தொய்ந்துவிட்டது என்று புலம்புகிற அணிகளுக்கு நடப்பது இதுதான்.

நெளி நீளவாக்கில் ஓடும்போது குழாய்களின் வாய் படகின் முன்முனையிலும் பின்முனையிலும் வருகிறது. அங்கே வெட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டினீர்கள் என்றால், முன்னால் புகுகிற தண்ணீருக்குக் கடைசி வரை பாதை போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

அதனால் முதல் விதி: வெட்டாதீர்கள், மடியுங்கள். ஒரே பெரிய அட்டையை எடுத்து, நான்கு பக்கமும் மேலே மடித்து, மூலையில் மிஞ்சுகிற அட்டையை வெட்டி எறியாமல் உள்ளேயோ பக்கவாட்டிலோ மடித்து ஒட்டினால், எல்லா விளிம்பும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே போய்விடும். கீழே விளிம்பே இல்லாத படகுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்? பார்க்க ஒரு தட்டு மாதிரி மொக்கையாகத்தான் இருக்கும். இருக்கட்டும். கூரான முன்முனையோடு நான்கு துண்டு ஒட்டிய அழகான படகைவிட இது அதிக நேரம் மிதக்கும்.

வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் விளிம்பின் வாயை அடையுங்கள். வெள்ளைப் பசையையோ, கண்ணாடிச் சட்டத்தில் இடைவெளி அடைக்கிற குழாய்ப் பசையையோ விரலால் அந்தத் துளைகளுக்குள் அழுத்தித் தேய்த்து, காய்ந்தபின் இன்னொரு முறை தேய்த்து, அதற்கு மேல் டேப் சுற்றுங்கள். அலுப்பான வேலைதான். அணியில் பொறுமைசாலி யாரோ அவரிடம் கொடுங்கள்.

அட்டை நீளம் போதாமல் இரண்டைச் சேர்க்கிறீர்களா? 15, 20 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறட்டும். வெளிப்பக்கத்தில் முன் அட்டை பின் அட்டையின் மேல் படியும்படி வையுங்கள். விளிம்பு பின்னோக்கி இருந்தால் எதிரே வருகிற தண்ணீர் அதைக் கிளப்பாது.

மடித்தால் தாள் கிழிகிறதே?

மடிப்புக்கோட்டில் கத்தி போடுவதால் கிழிகிறது. கத்திக்குப் பதில் கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கிய எதையாவது எடுத்து, நீளமான கோலை வைத்து, கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை அழுத்தி இழுங்கள். நெளி நசுங்கிப் பள்ளம் விழும். பள்ளம் உள்பக்கம் வரும்படி மெதுவாக மடியுங்கள்.

டேப் எவ்வளவு வாங்கலாம்?

நீங்கள் நினைப்பதில் பாதி. பலம் பசையில் இருக்க வேண்டும், டேப் மேலே காவலுக்கு. இரண்டு அட்டைக்கு நடுவே பசையை முழுப்பரப்பிலும் தடவி, மேலே கனமான புத்தகங்களையோ தண்ணீர் கேன்களையோ ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். புள்ளி புள்ளியாகப் பசை வைத்தால் நடுவில் காற்று நிற்கும், அட்டைகள் தனித்தனியாக வளையும்.

வழவழப்பான பிளாஸ்டிக் டேப்பின் மேல் தண்ணீர் பெயின்ட் பிடிக்காது, உரிந்து வரும். எனவே பெயின்ட் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு டேப் ஒட்டுவதே என் கட்சி. ஒட்டும் முன் தூசியைத் துடையுங்கள். டேப் எவ்வளவு அனுமதி என்று போட்டி விதியைப் பார்த்துவிடுங்கள், இணைப்புகளில் மட்டும்தான் என்று சொல்கிற இடங்கள் நிறைய.

என்ன பெயின்ட், எத்தனை கோட்?

சுவருக்கு அடிக்கிற தண்ணீர் பெயின்ட்டும் வேலை செய்யும், எனாமலும் செய்யும். தண்ணீர் பெயின்ட்டிலும் தண்ணீர்தானே இருக்கிறது! முதல் கோட்டைத் தாராளமாக அடித்தால் அட்டை அதிலேயே ஊறி வளைந்துவிடும். மெல்லியதாக அடித்து, முழுக்கக் காயவிட்டு, அடுத்த கோட். வெளியே மூன்று, உள்ளே ஒன்று போதும். உட்பக்கத்தை மறக்காதீர்கள், துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

கோட்டின் எண்ணிக்கையைவிடக் காய்கிற நேரம் முக்கியம். போட்டிக்கு முதல் நாள் ராத்திரி கடைசிக் கோட் அடித்துவிட்டுக் காலையில் பிசுபிசுக்கிற படகோடு வருகிறவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு. இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். எனாமல் அடித்தால் காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். இரண்டு பொருளைக் கலந்து பூசுகிற எப்பாக்சி, கண்ணாடியிழை ஆகியவற்றுக்குப் பெரும்பாலான போட்டிகளில் தடை உண்டு.

முழுப் படகையும் பிளாஸ்டிக் ஷீட்டால் சுற்றிவிட்டால்?

மிதக்கும். ஆனால் அதற்குப் பிறகு அது அட்டைப் படகு இல்லை. பெரும்பாலான விதிகளிலும் இதற்கு இடமில்லை.

ஆள் ஏறியதும் அடி மேலே உப்புகிறது. ஏன்?

தண்ணீர் கீழிருந்து தள்ளுகிறது. 8 செ.மீ. ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 80 கிலோ அளவுக்கு மேல்நோக்கிய அழுத்தம். மேலிருந்து உங்கள் எடை முழங்கால், பிட்டம் என்று நான்கைந்து இடங்களில் மட்டும் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே அடி நெளிகிறது, நெளிந்த இடம் உடைகிறது.

மருந்து இரண்டு. குறுக்கே 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் அட்டை விலாக்கள் வைத்து, அடியோடும் சுவரோடும் ஒட்டுங்கள். 60 செ.மீ.க்கு ஒன்று என்றால் போதும், சுவர் உள்ளே சாய்வதையும் அவை தடுக்கும். அடுத்து, உட்காரும் இடத்தில் இரண்டு மூன்று அட்டைகளை அடுக்கி ஒரு பலகை மாதிரி போடுங்கள், எடை பரவும்.

பக்கச்சுவரின் மேல்விளிம்பை 5 செ.மீ. வெளியே மடித்து ஒட்டினால் அதுவே ஓர் உத்தரம் மாதிரி படகைத் தாங்கும். துடுப்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று சுவரில் வளைவாக வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். படகு இரண்டாக மடங்க அந்த ஒரு வெட்டு போதும்.

கட்டும் முன் சோதித்துப் பார்க்க முடியுமா?

ஐந்தில் ஒரு பங்கு அளவில் மெல்லிய அட்டையில் ஒரு மாதிரி செய்யுங்கள். நம் படகு 48 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் ஆகும். நீளம் ஐந்தில் ஒன்றானால் எடை 125-ல் ஒன்று. எனவே 145 கிலோவுக்கு ஈடாக, மாதிரியின் எடையையும் சேர்த்து 1 கிலோ 160 கிராம் வருமாறு பாரம் வைத்துத் தொட்டித் தண்ணீரில் விடுங்கள். எவ்வளவு இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அப்படியே தெரிந்துவிடும்.

கட்டிய பிறகு?

இருட்டில் படகுக்குள் ஒரு விளக்கை வைத்து வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் தண்ணீரும் கசியும். அப்புறம் தரையில் வைத்து, எல்லோரும் உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போடுவது போல் அசைந்து பாருங்கள். தண்ணீரில் இறக்கிப் பார்க்க எனக்குச் சம்மதம் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் உறிஞ்சிய ஈரம் சுலபத்தில் காயாது.

எப்படி ஏறுவது?

பந்தயம் தொடங்கும் முன்பே தோற்கிற இடம் இது. படகைத் தரையில் இழுக்காதீர்கள், நான்கு பேர் தூக்கி வாருங்கள். சிமென்ட் தரையில் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், மூன்று கோட் பெயின்ட்டும் போய்விடும். படகு முழுதும் மிதக்கிற ஆழத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில் வைத்து, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளட்டும். ஏறுகிறவர் காலை ஓரத்தில் வைக்கக் கூடாது, நட்டநடுவில் பலகையின் மேல் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். எடை கூடியவர் முதலில் ஏறட்டும். கரையிலிருந்து குதிப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

படகு நேராகப் போகாமல் வட்டமடிக்கிறதே?

தட்டையான அடி உள்ள குட்டைப் படகு அப்படித்தான் செய்யும். பின்பக்க அடியில் நடுவாக, நீளவாக்கில் 8 செ.மீ. உயரத்துக்கு மீனின் துடுப்பு மாதிரி கீழ்நோக்கி நிற்கிற ஒரு அட்டைத் தகடு ஒட்டினால் வெகுவாக அடங்கும். அதன் விளிம்பையும் அடைக்க மறந்துவிடாதீர்கள். முன்னால் எடை அதிகமானாலும் படகு மூக்கைத் தண்ணீரில் நட்டுக்கொண்டு சுழலும், கொஞ்சம் பின்னே நகர்ந்து உட்காருங்கள்.

இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு பக்கம், ஒரே தாளத்தில். முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றித் திசையையும் பார்ப்பார். யார் எங்கே என்று கரையிலேயே முடிவு செய்யுங்கள், தண்ணீரில் பஞ்சாயத்து வைத்தால் பக்கத்துப் படகு போய்விடும். தனி ஆள் என்றால் இரு முனையிலும் தட்டையான அலகு உள்ள துடுப்பு நல்லது. துடுப்பையும் அட்டையில்தான் செய்ய வேண்டும் என்று விதி இருந்தால் நான்கு அடுக்காவது ஒட்டுங்கள், கூடுதலாக ஒன்று எடுத்துப்போங்கள்.

பாதுகாப்புக்கு என்ன வேண்டும்?

நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகை மேலே மூடிக் கூரை போடாதீர்கள், கவிழ்ந்தால் ஒரு நொடியில் வெளியே வர வழி இருக்க வேண்டும். உடம்பைப் படகோடு கட்டக் கூடாது. கம்பி, ஆணி, கூரான அலங்காரம் எதுவும் வேண்டாம். காலில் செருப்புக்குப் பதில் கழன்று போகாத ஷூ. மீட்புப் படகும் நீச்சல் தெரிந்த காவலர்களும் இல்லாத இடத்தில் போட்டி நடந்தால் இறங்காதீர்கள், கட்டிய படகு வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.

அலங்காரம்?

தாராளமாக, ஆனால் தாழ்வாக. உயரமான கொடிக்கம்பம் காற்றைப் பிடிக்கும், எடையை மேலே ஏற்றும். பரிசு அழகுக்கும் உண்டு என்றால் பக்கச்சுவரில் ஓவியம் வரைந்துவிடுங்கள், எடையே இல்லை.

மூழ்கிவிட்டால் மானம் போய்விடாதா?

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். இந்தப் போட்டியில் கவிழ்ந்தவருக்கும் பரிசு உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் கார்பன்டேலில் உள்ள தென் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், வடிவமைப்பு ஆசிரியர் ரிச்சர்ட் ஆர்ச்சர் 1974-ல் தன் மாணவர்களுக்கு இறுதித் தேர்வாக அட்டையில் ஆள் ஏறும் படகு கட்டச் சொன்னார். அங்கிருந்துதான் இது பல ஊர்களுக்கும் பரவியது. அட்டகாசமாக மூழ்கிய படகுக்கு 'டைட்டானிக் விருது' கொடுக்கும் வழக்கமும் கூடவே பரவியது. ஒஹாயோ மாநிலத்தின் நியூ ரிச்மண்ட் என்ற ஆற்றங்கரை ஊரில் அட்டைப் படகுகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். விருதுக்காக வேண்டுமென்றே மூழ்குகிறவர்களை நடுவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாங்களே ஒரு போட்டி நடத்த நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

விதிகளை முதலிலேயே எழுத்தில் கொடுங்கள்: என்ன அட்டை, எவ்வளவு டேப், எந்தப் பெயின்ட், எத்தனை பேர். சண்டையெல்லாம் டேப்பில்தான் வரும். முதல் முறை என்றால் 50 மீட்டர் நேர்ப்பாதை போதும். மிதவையைச் சுற்றித் திரும்புகிற பாதை வைத்தால் பாதிப் படகுகள் அங்கேயே குவிந்துவிடும், பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, மீட்பவர்களுக்குத் தலைவலி. எல்லோருக்கும் ஒரே அளவு அட்டையும் டேப்பும் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் அங்கேயே கட்டச் சொல்லும் பிரிவு ஒன்றையும் வையுங்கள். பெயின்ட் கிடையாது, எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

முடிந்தபின் ஊறிய அட்டையை உடனே கரையேற்ற ஆள் வையுங்கள். ஒரு மணி நேரம் விட்டால் கூழாகிக் கையோடு வராது, டேப் துண்டுகள் தண்ணீரிலேயே தங்கிவிடும். பெயின்ட்டும் டேப்பும் கலந்த அட்டையைப் பழைய காகிதக்காரர் எடுக்க மாட்டார். அதைக் கொண்டுபோக வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.